தரூஸா: எல்லைக்கோட்டில் ஒரு சிற்றூர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ருஷ்ய இலக்கியம் குறித்துப் பேச வேண்டும் என்று நண்பர்கள் பணித்தபோது, டால்ஸ்டாயைப் பற்றியோ தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்தார் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்ற மலிவு விலை நூல்களின் வழியே ருஷ்யாவை அறிந்த தலைமுறை நம்முடையது. அந்த நூல்களின் வழியே நாம் பீட்டர்ஸ்பர்க்கின் மாடிப்படிகளில் ஏறியிருக்கிறோம். மாஸ்கோவின் பனிபடர்ந்த வீதிகளில் நடந்திருக்கிறோம். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பெருநகரங்களைப் பற்றியன்று. பத்தாயிரம் பேர்கூட நிரம்பாத ஒரு சிற்றூரைப் பற்றி. அதன் பெயர் தரூஸா.

மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், கலூகா மாநிலத்தில், ஓக்கா நதியின் இடக்கரையில் இருக்கிறது தரூஸா. அதே பெயர் கொண்ட சிற்றாறு ஒன்று அங்கே ஓக்காவில் வந்து கலக்கிறது. மேடும் பள்ளமுமான நிலம், பிர்ச்சு மரங்கள், சுண்ணாம்புக் கல் வெட்டும் குன்றுகள், பூத்தையல் வேலைக்குப் பெயர்பெற்ற பெண்கள். 1860களில் மாஸ்கோவிலிருந்து தெற்கே இருப்புப்பாதை போட்டபோது, அது செர்புகோவ் வழியாகத் துலாவுக்குப் போயிற்றே தவிர, தரூஸாவைத் தொடவில்லை. இன்றைக்கும் அவ்வூருக்குள் ரயில் கிடையாது. ஊரின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம்கூட ஆற்றுக்கு அக்கரையில், வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. வரலாறு தன்னை ஒதுக்கிவிட்டுப் போனது என்று ஓர் ஊர் வருந்தலாம் என்றால், தரூஸாவுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் அது பழைய ஊர். நாளாகமங்களில் 1246ஆம் ஆண்டுக் குறிப்பில் அதன் பெயர் வருகிறது. அக்காலத்தில் அது ஒரு குறுநில அரசின் தலைநகர். செர்னீகவ் இளவரசர் மிகயீலின் மகன் யூரி அதன் முதல் அரசர் என்பர். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், 1392இல், அது மாஸ்கோவின் ஆளுகைக்குள் போயிற்று. அரசு போயிற்று; வம்சம் போகவில்லை. வல்கோன்ஸ்கி, ஒபலேன்ஸ்கி முதலிய பெருங்குடும்பங்கள் தங்களைத் தரூஸா அரச மரபின் வழியினர் என்றே சொல்லிக்கொண்டன. டால்ஸ்டாயின் தாயார் வல்கோன்ஸ்கி குடும்பத்தில் பிறந்தவர். 'போரும் அமைதியும்' நாவலில் வரும் பல்கோன்ஸ்கி குடும்பத்தின் பெயர் எங்கிருந்து முளைத்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஊரின் குணத்தை அறிய ஒரு சொல் போதும்: எல்லை. ஓக்கா நதி நெடுங்காலம் மாஸ்கோவின் தெற்கு வேலியாக இருந்தது. புல்வெளிகளிலிருந்து தாத்தாரியர் படைகள் வரும். அவற்றை ஆற்றைக் கடக்கவிடாமல் தடுக்க ஆண்டுதோறும் வீரர்கள் ஓக்காக் கரையில் காவல் இருப்பார்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அந்தக் காவலுக்கு 'கரை' என்றே பெயர். கரை என்றால் எந்தக் கரை என்று கேட்கத் தேவையில்லை. 1571இல் கிரீமியக் கான் அந்தக் கரையைக் கடந்துவிட்டபோது மாஸ்கோ எரிந்தது. ஊர்ப் பெயருக்குக்கூட மக்கள் ஓர் எல்லைக் கதை வைத்திருக்கிறார்கள். ஆற்றின் ஒரு பக்கம் அந்நியர். மறு பக்கத்தைக் காட்டி, 'அதோ, அது ருஸ்' என்றார்களாம். அதுவே தரூஸா ஆயிற்றாம். சொல்லாராய்ச்சி இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே கட்டிய கதையைச் சொல்லாராய்ச்சியால் அழித்துவிட முடியாது.

எல்லை தெற்கே நகர்ந்தபின் தரூஸா அயர்ந்து தூங்கிற்று. 1770களில் இரண்டாம் காதரீன் அரசி நாட்டை மாநிலங்களாகப் பிரித்தபோது, கலூகாவின் கீழ் ஒரு வட்டத் தலைநகர் என்ற சிறிய பட்டம் கிடைத்தது. பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சொல்லும்படியாக ஒன்றும் நிகழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலில் ஓவியர்கள் வந்தார்கள். வசீலி பொலேனோவ் அக்கரையில் நிலம் வாங்கி, வீடு கட்டி, சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் எழுப்பினார். அவ்வீடு இன்று அருங்காட்சியகம். விக்டர் போரிசோவ்-முசாத்தோவ் தம் இறுதி ஆண்டை இவ்வூரில் கழித்து, 1905இல் இங்கேயே மறைந்தார். ஓக்காவைப் பார்த்த உயர்ந்த கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன்மேல் சிற்பி மத்வேயெவ் செதுக்கிய, உறங்கும் சிறுவனின் கல்லுருவம் கிடக்கிறது.

போரிசோவ்-முசாத்தோவ் தங்கியிருந்த வீடு, நகராட்சிக்குச் சொந்தமான ஒரு கோடை இல்லம். அதை 1890களிலிருந்து ஆண்டுதோறும் வாடகைக்கு எடுத்துவந்தவர் மாஸ்கோப் பேராசிரியர் இவான் ஸ்வெதாயெவ். இன்று புஷ்கின் அருங்காட்சியகம் என வழங்கும் மாஸ்கோ நுண்கலை அருங்காட்சியகத்தை நிறுவியவர் அவர். அவருடைய மகள்களில் ஒருத்தி 1892இல் பிறந்தாள். அவளுடைய குழந்தைப் பருவத்துக் கோடைகள் இங்கே கழிந்தன. அவளுடைய தாய் 1906இல் இங்கே இறந்தார். அந்தப் பெண்தான் மரீனா ஸ்வெதாயெவா. இருபதாம் நூற்றாண்டின் ருஷ்யக் கவிதையில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர்.

அவருடைய வாழ்வை நான் விரித்துரைக்கப் போவதில்லை. 1922இல் நாட்டை விட்டுப் போனார். பிராகு, பாரிசு என்று வறுமையில் உழன்றார். 1939இல் திரும்பினார். அதே ஆண்டு மகளும் கணவரும் கைது செய்யப்பட்டார்கள். கணவர் 1941இல் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் மூண்டபோது காமா நதிக்கரையிலுள்ள யெலபூகா என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டு, 1941 ஆகஸ்டு 31ஆம் நாள் அங்கே தூக்கிட்டுக்கொண்டார். அவ்வூர் இடுகாட்டில் அவரைப் புதைத்த இடம் எது என்று உறுதியாகக் காட்டுவார் இல்லை.

இதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1934இல், பாரிசில் இருந்தபோது அவர் ஒரு சிறிய உரைநடை எழுதினார். தரூஸாவில் வாழ்ந்த 'கிலிஸ்தி' என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த பெண்களைப் பற்றிய குழந்தைப் பருவ நினைவு அது. அதன் முடிவில் ஓர் ஆசையைச் சொல்கிறார். அந்தப் பெண்களின் இடுகாட்டில், ஒரு புதரடியில் தாம் கிடக்க வேண்டும்; அது இயலாதென்றால், அவர்கள் நடந்துபோன குன்று ஒன்றின்மேல் தரூஸாவில் வெட்டிய கல் ஒன்றை நிறுத்தி, இங்கே கிடக்க விரும்பியவள் இவள் என்று மட்டும் பொறிக்கட்டும் என்கிறார். கவிஞர்கள் எத்தனையோ ஆசைப்படுகிறார்கள். ஒரு கல் கேட்டவர் இவர். அந்தக் கல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நண்பர்களே, எல்லை என்ற சொல்லுக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டில் தரூஸாவின் அருகே மறுபடியும் ஓர் எல்லை விழுந்தது. இம்முறை அதைப் போட்டது பகைவன் அல்லன், சொந்த அரசே. சிறையிலிருந்தும் முகாமிலிருந்தும் வெளிவந்த பலர் மாஸ்கோவிலும் பிற பெருநகரங்களிலும் வசிக்கக் கூடாது. நூறு கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கக் கூடாது. அப்படியானால் எங்கே இருப்பது? நூற்றியோராவது கிலோமீட்டரில். 'நூற்றியோராவது கிலோமீட்டர்' என்பது ருஷ்ய மொழியில் ஒரு மரபுத்தொடராகவே ஆகிவிட்டது. மனைவி மக்கள் மாஸ்கோவில் இருப்பார்கள். வேலை தருவோர் மாஸ்கோவில் இருப்பார்கள். இவர் மட்டும் கோட்டுக்கு வெளியே ஒரு வீட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அப்படிக் காத்திருந்தவர்களுக்கு வாய்ப்பாக அமைந்த ஊர்களுள் ஒன்று தரூஸா.

இருமுறை சிறைப்பட்டவரும், பின்னாளில் மில்டனின் 'இழந்த சொர்க்க'த்தை ருஷ்யத்தில் பெயர்த்தவருமான கவிஞர் அர்காதி ஷ்தேய்ன்பர்க் இங்கே வாழ்ந்தார். 1938இல் கைதாகி முகாமில் ஆண்டுகளைத் தொலைத்த கவிஞர் நிகலாய் ஸபலோத்ஸ்கி, 1957, 1958ஆம் ஆண்டுகளின் கோடைகளை இங்கே கழித்து, இந்த ஊரைப் பற்றியே ஒரு கவிதையும் எழுதினார். அந்த 1958இலேயே மறைந்தார். முகாமில் மாண்ட கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாமின் மனைவி நதேழ்தா, கணவரின் கவிதைகளை மனப்பாடமாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர், அவரும் இங்கே வந்து தங்கினார். மரீனாவின் மகள் அரியாத்னா, முகாமும் நாடுகடத்தலும் கழிந்து 1955இல் விடுபட்டு, தாயின் குழந்தைப் பருவ ஊரிலேயே சிறிய வீடு ஒன்றை அமைத்துக்கொண்டு, தாயின் கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்துவதில் மீதி வாழ்நாளைச் செலவிட்டார். 1975இல் மறைந்த அவர் அடக்கமானதும் தரூஸாவில்தான்.

ஆட்களைச் சிதறடிப்பதற்காகப் போட்ட கோடு, அவர்களை ஓரிடத்தில் கூட்டிவிட்டது. மாஸ்கோவில் ஒருவரை ஒருவர் சந்திக்க அஞ்சியிருக்கக் கூடியவர்கள், இங்கே ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். இதை ஊரின் பெருந்தன்மை என்று புகழ நான் விரும்பவில்லை. ஊர்க்காரர்கள் அறையை வாடகைக்கு விட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அஞ்சிய காலத்தில் ஒருவனுக்கு அறை வாடகைக்கு விடுவது சிறிய காரியமன்று.

1955இல் கன்ஸ்தந்தீன் பவுஸ்தோவ்ஸ்கி இங்கே வந்து குடியமர்ந்தார். அவர் நாடறிந்த எழுத்தாளர், தண்டிக்கப்பட்டவரும் அல்லர். தாமே விரும்பி வந்தவர். ஆற்றையும் காட்டையும் எழுதுவதோடு நின்றுவிடாமல், அடுத்த ஆண்டே ஊரின் குறைகளை எடுத்துக்காட்டிப் 'பிராவ்தா' நாளிதழில் எழுதினார். அந்த ஆண்டுதான், 1956இல், மாஸ்கோவில் சில எழுத்தாளர்கள் சேர்ந்து 'இலக்கிய மாஸ்கோ' என்ற தொகுப்பின் இரண்டு பகுதிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். பவுஸ்தோவ்ஸ்கி அதன் குழுவில் இருந்தார். மூன்றாம் பகுதியை வெளியிட விடவில்லை. தலைநகரில் கதவு அடைபட்டது.

தலைநகரில் அடைபட்டால் மாநிலத்தில் தட்டிப் பார்ப்போம் என்று அவர்களுக்குத் தோன்றியது. கலூகாவில் ஒரு சிறிய பதிப்பகம் இருந்தது. அதில் பணியாற்றிய கவிஞர் நிகலாய் பஞ்சென்கோ துணிந்தார். தரூஸாவில் வீடு வைத்திருந்த நிகலாய் ஒத்தென், முன்சொன்ன ஷ்தேய்ன்பர்க், பவுஸ்தோவ்ஸ்கி ஆகியோர் உடன் நின்றார்கள். 1961இல் நூல் வெளிவந்தது. அதன் பெயர் 'தரூஸாவின் பக்கங்கள்'. திட்டமிட்டது 75,000 பிரதிகள்.

அதன் உள்ளே என்ன இருந்தது? ஸ்வெதாயெவாவின் நாற்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள் இருந்தன. அதே ஆண்டு மாஸ்கோவில் அவருடைய சிறு தொகுப்பு ஒன்று வெளிவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வாழ்ந்த மண்ணின் பெயரைத் தாங்கிய நூலில், உயிரோடிருக்கும் கவிஞர்களுக்கு நடுவே, ஒருத்தியாக அவர் வந்து அமர்ந்தது இங்கேதான். ஸபலோத்ஸ்கியின் கவிதைகள், தாவித் சமோய்லவ், பரீஸ் ஸ்லூத்ஸ்கி ஆகியோரின் கவிதைகள், யூரி கஸாகோவின் கதைகள் இருந்தன. பாடகராக அறியப்பட்ட புலாத் ஒகுஜாவாவின் முதல் உரைநடைப் படைப்பு இதில்தான் வந்தது. போருக்குப் போன ஒரு பையன், வீரம் பேசாமல், பயந்தேன் என்று சொல்லும் கதை அது. நதேழ்தா மண்டல்ஷ்டாம் எழுதினார். கணவரின் பெயரில் அல்ல, 'யாக்கவ்லெவா' என்ற பெயரில். ஃப்ரீதா விக்தரோவா எளிய மனிதர்களைப் பற்றி எழுதினார்.

இந்நூலில் அரசை எதிர்த்து ஒரு முழக்கமும் இல்லை. தணிக்கையைக் கடந்து, முறைப்படி அச்சான நூல் அது. பின் எதற்காகச் சினந்தார்கள்? முழக்கம் இல்லாததற்காகவே சினந்தார்கள் என்று தோன்றுகிறது. உரத்துப் பேசுவதே வழக்கமாகிவிட்ட அவையில் ஒருவன் இயல்பான குரலில் பேசினால், அதுவே குற்றமாகக் கேட்கும். 1962இன் தொடக்கத்தில் இதழ்களில் கண்டனம் எழுந்தது. அச்சு நிறுத்தப்பட்டது. 75,000இல் ஏறத்தாழ 31,000 பிரதிகளே வெளிவந்தன. பதிப்பகத்தில் பொறுப்பிலிருந்தோர் தண்டிக்கப்பட்டனர். இரண்டாம் தொகுதி வரவே இல்லை.

நம்மில் பலர் இந்த இடத்தில் தோல்வியைக் காண்போம். நானும் முதலில் அப்படித்தான் கண்டேன். ஆனால் அந்த 31,000 பிரதிகளை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. அவை கைமாறி, கைமாறிப் போயின. சில ஆண்டுகளுக்குள் லண்டனில் ஆங்கிலத்திலும் அது வந்துவிட்டது. அதில் எழுதிய ஃப்ரீதா விக்தரோவா, 1964இல் லெனின்கிராடில் ஜோசப் பிராட்ஸ்கி என்ற இளங்கவிஞரைச் 'சோம்பேறி' என்று குற்றம் சாட்டி விசாரித்தபோது, நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேள்வி பதிலை அப்படியே குறித்துக்கொண்டார். உலகம் அந்த வழக்கை அறிந்தது அக்குறிப்புகளால். கைதாவதற்கு முன், 1963-64 குளிர்காலத்தில், பிராட்ஸ்கி சில நாட்கள் தங்கியிருந்த ஊர்களில் ஒன்று எது என்று நினைக்கிறீர்கள்? தரூஸாதான்.

கல்லின் கதைக்கு வருகிறேன். தொகுப்பு வெளிவந்த அடுத்த ஆண்டு, 1962இல், கீவ் நகரிலிருந்து ஒரு மாணவர் வந்தார். ஸ்வெதாயெவா கேட்ட கல்லைத் தரூஸாவின் கரையில் நிறுத்தினார். யாரும் அவரை அனுப்பவில்லை. எந்தச் சங்கமும் தீர்மானம் போடவில்லை. ஒரு கவிஞர் கேட்டிருந்தார். ஒரு வாசகர் கொடுத்தார். சில நாட்களில் அதிகாரிகள் அதை அகற்றிவிட்டார்கள். ஸ்வெதாயெவா குடும்பம் கோடைகளைக் கழித்த இல்லமும் சோவியத் காலத்தில் இடிக்கப்பட்டது. எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்த அதே ஊரில்தான் இதுவும் நடந்தது. ஓர் ஊரை நேசிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே நேசிக்க வேண்டியிருக்கிறது.

காலம் அங்கேயும் நிற்கவில்லை. 1968இல் மாஸ்கோவில் மறைந்த பவுஸ்தோவ்ஸ்கி, தாம் விரும்பியபடி தரூஸாவில் அடக்கமானார். எழுபதுகளில் அடுத்த தலைமுறை எதிர்ப்பாளர்கள் இதே கோட்டுக்கு வெளியே வந்து குடியிருந்தார்கள். தொழிலாளியாக இருந்து எழுத்தாளரான அனதோலி மார்ச்சென்கோ 1975இல் இங்கே கைதாகி, சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1986இல் சிறையிலேயே மாண்டார். அவருடைய நூலொன்றின் பெயரில் புறப்பட்ட இடமாகத் தரூஸா நிற்கிறது.

1988இல் கல் மீண்டும் நிறுத்தப்பட்டது. ஆசையைச் சொல்லி 54 ஆண்டுகள் கழித்து. அகற்றி 26 ஆண்டுகள் கழித்து. 1992இல், மரீனா பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, அவர் குடும்பத்தினர் வாழ்ந்த மற்றொரு வீட்டில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2006இல் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். சிலையை வைப்பது எளிது. அது எப்போதும் பின்னால் வருவது. கல்லைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவரே என் மனத்தில் நிற்கிறார்.

நண்பர்களே, நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலர் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது. வாழ்த்துரைகள் வந்துவிட்டன, படங்கள் வந்துவிட்டன, நம் கவிதைகளும் வந்துவிட்டன. 'ஒரு சிற்றூர் வட்டம் போடும் மலரை யார் படிக்கப் போகிறார்கள்?' என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். அவருக்கு விடையாகவே தரூஸாவை எடுத்துக்கொண்டேன். தலைநகரில் இயலாததை ஒரு மாநிலப் பதிப்பகம், ஒரு சிற்றூரின் பெயரால் செய்தது. இலக்கியத்தில் மையம் எது, ஓரம் எது என்பதை வரைபடம் முடிவு செய்வதில்லை.

ஆனால் விடையோடு ஒரு வினாவையும் அவ்வூர் நம்மிடம் வைக்கிறது. அந்த நூலை நூலாக்கியவை புகழ் பெற்றோரின் பக்கங்கள் அல்ல. வேறெங்கும் அச்சேற வழியில்லாதவர்களுக்கு ஒதுக்கிய பக்கங்கள். இறந்துபோனவருக்கு ஒரு பக்கம். புனைபெயரில் மட்டுமே எழுதக்கூடியவருக்கு ஒரு பக்கம். முதல் கதையைக் கொண்டுவந்தவருக்கு ஒரு பக்கம். நம் மலரில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா? யாருடைய பெயர் அதில் விடுபட்டிருக்கிறது? அச்சுக்குப் போவதற்கு முன் இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. என் உரைக்கு ஒதுக்கிய பக்கங்களைக் குறைத்தேனும் அந்த இடத்தை உண்டாக்குமாறு பதிப்புக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.